எரிந்தால் நிறுத்துங்கள்: ஒரு ஜெல்லோடு நான் பட்ட பாடு

எச்.ஐ.வி. உள்ள கணவரோடு வாழ்கிற, எச்.ஐ.வி. இல்லாத பெண்கள் மதுரையைச் சுற்றி எத்தனையோ பேர் இருக்கிறோம். பெரிய ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மருந்து தருகிற ஏ.ஆர்.டி. மையத்து வரிசையில் அடுத்தடுத்து நின்றாலும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, சொந்தக்காரர் யாரும் வந்துவிடுவாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்போம். அதனால் ஒருத்தி பட்டது இன்னொருத்திக்குத் தெரியாமலே போய்விடுகிறது. போன மாதம் ஓர் இளம்பெண் கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "அக்கா, இந்த ஜெல்லை உள்ளே வைத்துக்கொண்டால் நோய் தொற்றாதாமே, வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்டாள். 2007-இல் நான் கேட்ட அதே கேள்வி. அன்று எனக்குப் பதில் சொன்னவர் அதை விற்றவர். அதனால்தான் இதை எழுதுகிறேன். எதையும் மறைக்கப் போவதில்லை.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் நாக்பூரில் ஒரு முறுக்குக் கம்பெனியில் சரக்கு மாஸ்டராக இருந்தார். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வருவார், போவார். 2006 கடைசியில் விட்டு விட்டுக் காய்ச்சல் என்று வந்தவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது எச்.ஐ.வி. பரிசோதனை செய்து ஆலோசனை சொல்கிற நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார்கள். அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. எனக்கு இல்லை. இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்ட அந்த அறையில் எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டது. அவருடைய சி.டி.4 எண்ணிக்கை, அதாவது ரத்தத்தில் நோயை எதிர்க்கிற செல்களின் எண்ணிக்கை, நன்றாகவே இருந்ததால், அன்றைய விதிப்படி ஏ.ஆர்.டி. என்ற கூட்டு மருந்து உடனே கிடைக்கவில்லை. எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. அதுவரை ஆணுறை போட்டுக்கொள்ளுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பாருங்கள் என்றார்கள்.

ஆலோசகர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஆணுறைப் பொட்டலத்தோடு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டு சுவர்கள் என் முன்னால் நின்றன. கல்யாணமாகி மூன்று ஆண்டுகள், குழந்தை இல்லை. நோய் விஷயம் எதுவும் தெரியாத அத்தை, "இன்னும் எத்தனை நாள்தான் சும்மா இருப்பாய், டாக்டரிடம் காட்டினாயா?" என்று வாரம் தவறாமல் கேட்பார். ஆணுறை போட்டால் குழந்தை எங்கிருந்து வரும்? இன்னொன்று, அவர் குடித்துவிட்டு வருகிற இரவுகளில் ஆணுறை என்ற பேச்சையே எடுக்க முடியாது. என் உடம்பைக் காப்பாற்றுகிற பொருள் அவருடைய சம்மதத்தில் இருந்தது. என் கையில் ஒன்றும் இல்லை. இதை அனுபவித்தவர்களுக்குத்தான் நான் ஏன் ஒரு ஜெல்லைத் தேடி அலைந்தேன் என்பது புரியும்.

தையல் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 2007 பிப்ரவரி வாக்கில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. பெண்கள் தாங்களே உள்ளே வைத்துக்கொள்ளும் செல்லுலோஸ் சல்பேட் என்ற ஜெல்லை ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றிலும், இங்கே சென்னையிலும் கர்நாடகத்தின் பாகல்கோட்டிலும் சோதித்துவந்தார்கள் என்றும், ஜனவரி கடைசியில் அந்த ஆய்வை நிறுத்திவிட்டார்கள் என்றும் அதில் இருந்தது. ஏன் நிறுத்தினார்கள் என்பதை என் மனது வாங்கவே இல்லை. கணவரிடம் கேட்காமல் ஒரு பெண் தானே பயன்படுத்துகிற ஜெல் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது மட்டும் பதிந்துவிட்டது. அந்தத் தாளைக் கிழித்து அளவு நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கலாமே என்று இப்போது பலர் சொல்கிறார்கள். கூட்டம் நெரிகிற இடத்தில், ஆண்கள் நிற்கிற வரிசையில் நின்றுகொண்டு, பிறப்புறுப்பில் வைக்கிற ஜெல்லைப் பற்றி ஒரு பெண் எப்படிக் கேட்பாள் என்று அவர்களிடம்தான் நான் கேட்க வேண்டியிருக்கிறது.

மதுரை டவுனுக்குள் ஒரு சந்தில் பால்வினை நோய், குழந்தையின்மை எல்லாம் பார்ப்பதாகப் பலகை போட்டிருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். பெயர் வேண்டாம். நான் நோட்டிலிருந்த தாளைக் காட்டியதும் அங்கிருந்தவர், "அது வேறு, நிறுத்திவிட்டார்கள். இது அமெரிக்காவில் கடைகளில் விற்கிற ஜெல். கிருமி பட்டவுடனே செத்துவிடும்" என்றார். குழந்தைக்குத் தடையாக இருக்குமா என்று கேட்டேன். இருக்காது என்றார். ஒரு டியூப் 900 ரூபாய். அப்போது ஒரு ஜாக்கெட் தைத்தால் எனக்கு 40 ரூபாய் கிடைக்கும். ரசீது தரவில்லை; நானும் என் பெயர் எங்கேயும் எழுதப்படக் கூடாது என்று கேட்கவில்லை. அடுத்த டியூபுக்கு என் தோட்டை அடகு வைத்தேன். கண்ணாடி முன் நின்று தோடு இல்லாத காதைத் தலைமுடியால் மறைத்துக்கொண்டேன். அத்தை கேட்டபோது திருகாணி தொலைந்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன்.

பயன்படுத்திய முதல் வாரத்திலேயே எரிச்சல் தொடங்கியது. சிறுநீர் கழிக்கும்போது கண்ணில் நீர் வந்துவிடும். வெள்ளைப்படுதல் அதிகமாகி, பிறகு அதில் ரத்தக் கீற்று தெரிந்தது. தையல் மிஷினில் உட்கார்ந்து பெடலை மிதிக்க முடியவில்லை. கிளினிக்குக்குப் போய்ச் சொன்னேன். "எரிந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்" என்றார். நம் ஊரில் இதை யார் சொன்னாலும் நம்புவோம். புண்ணுக்கு வைக்கிற மருந்து எரிய வேண்டும், கண்ணுக்கு விடுகிற சொட்டு கரிக்க வேண்டும், கஷாயம் கசக்க வேண்டும் என்றே வளர்ந்திருக்கிறோம். எரிகிற இரவுகளில், என் உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள்: பிறப்புறுப்புக்குள் வைத்த எந்தப் பொருளாவது எரிந்தால், அரித்தால், ரத்தம் காட்டினால், அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். அங்கே எரிச்சல் என்பது காவல் உடைகிறது என்பதற்கான அறிகுறி.

கடைசியில் வலி தாங்காமல் அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்குப் போனேன். ஒரு டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, திரைக்கு உள்ளேயே வைத்து, தாழ்ந்த குரலில், "என்ன வைத்தாய், உண்மையைச் சொல்லு" என்றார். பையிலிருந்த டியூபை எடுத்துக் கொடுத்தேன். அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நோனாக்ஸினால்-9. விந்தணுவைக் கொல்லுகிற கருத்தடைப் பொருள். குழந்தைக்காக ஏங்கி, குழந்தையைத் தடுக்கிற மருந்தை அடகுக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தேன் என்பதை அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன். அதைவிடப் பெரிய விஷயத்தை அதற்குப் பிறகு சொன்னார்.

நான் தையல்காரி என்று தெரிந்ததும் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். பிறப்புறுப்பின் உட்புறத் தோல் நெருக்கமாக நெய்த துணி மாதிரி. இழை விலகாதவரை கிருமி எளிதில் உள்ளே புக முடியாது. அங்கே இயற்கையாகவே நல்ல பாக்டீரியாக்கள் வாழ்ந்து லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, இடத்தைப் புளிப்பாக வைத்திருக்கின்றன. அதுவும் ஒரு பாதுகாப்பு. நோனாக்ஸினால்-9 ஒரு சோப்பு வகைப் பொருள். அது எச்.ஐ.வி. கிருமியின் கொழுப்பு உறையைக் கரைக்கும் என்பது உண்மைதான். சோதனைக் குழாயில் கிருமி செத்ததும் உண்மைதான். ஆனால் அது கிருமிக்கும் நம் தோலின் செல்லுக்கும் வித்தியாசம் பார்க்காது. நல்ல பாக்டீரியாவையும் விடாது. அடிக்கடி வைத்தால் தோல் உரியும், வீங்கும். வீங்கிய இடத்துக்கு உடம்பு தற்காப்பு செல்களை அனுப்பும். எச்.ஐ.வி. பிடித்துக்கொள்வதோ அதே செல்களைத்தான். அதாவது, கிருமிக்கு வழியைத் திறந்து, அது தேடுகிற செல்லையும் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

இது உலகத்துக்குத் தெரியாத விஷயமும் இல்லை என்பதுதான் என்னை அதிகமாக வாட்டியது. பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் இதே பொருளைக் கொண்ட ஜெல்லைச் சோதித்து, 2000-இல் டர்பன் எய்ட்ஸ் மாநாட்டில் முடிவைச் சொல்லிவிட்டார்கள். கணக்கில் எடுத்த 765 பெண்களில், நோனாக்ஸினால்-9 பயன்படுத்தியவர்களில் 59 பேருக்குத் தொற்று. மருந்தில்லாத ஜெல் பயன்படுத்தியவர்களில் 45 பேருக்கு. காப்பாற்றும் என்று நம்பிய ஜெல் ஆபத்தைக் கூட்டியிருந்தது. அதிகமாக வைத்தவர்களுக்கு ஆபத்தும் அதிகம். எச்.ஐ.வி.யைத் தடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. எனக்கு அது விற்கப்பட்டதோ 2007-இல். கருத்தடைக்காக இந்தப் பொருள் இன்றும் உள்ளே வைக்கிற சில மாத்திரைகளிலும் ஜெல்களிலும் இருக்கிறது. ஆகவே பிறப்புறுப்பில் வைக்கும் எதை வாங்கினாலும் அட்டையைத் திருப்பி உட்பொருளின் பெயரைப் படியுங்கள். ஆங்கிலம் படிக்க வராது என்றால் ஆஸ்பத்திரி மருந்தாளுநரிடம் காட்டிக் கேளுங்கள். பெயரே போடாத டியூப் என்றால் தொடவே வேண்டாம்.

அதற்குப் பிறகு வந்தது காத்திருப்பு. புண் ஆறச் சிகிச்சை தந்து, உடனே ஒரு ரத்தப் பரிசோதனையும், மூன்று மாதம் கழித்து இன்னொன்றும் செய்தார்கள். தொற்று உடனே பரிசோதனையில் தெரியாது என்பதால் அந்த இடைவெளி. யாரிடமும் சொல்ல முடியாத அந்த நாட்களைப் பற்றி நிறைய எழுத எனக்கு மனமில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது கை நடுங்கும். வாடிக்கையாளர் துணியை அளவு மாற்றி வெட்டிவிட்டு என் கூலியில் கழிக்கச் சொன்னேன். தனியார் இடங்களில் கொடுத்தது, ஜெல், அடகு வட்டி, போன கூலி எல்லாம் சேர்த்து பதினோராயிரம் ரூபாய்க்குக் குறையாது. தோடு மீளவே இல்லை. இரண்டாவது முடிவிலும் எனக்குத் தொற்று இல்லை. டாக்டரம்மா, "உன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள், அந்த ஜெல்லால் என்று நினைக்காதே" என்று அழுத்திச் சொன்னார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தொற்றவில்லை என்பதை அந்தக் கிளினிக்காரர் கேட்டிருந்தால் அதையே விளம்பரமாகச் சொல்லியிருப்பார். ஒருத்திக்குத் தொற்றவில்லை என்பது எதற்கும் சான்று ஆகாது.

சில ஆண்டுகள் கழித்து, கிராமங்களில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான களப்பணியில் சேர்ந்தேன். அங்கே ஓர் அக்கா அறிமுகமானார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், கணவர் வேலைக்காகப் பல காலம் புனேயில் இருந்தவர். டெனோஃபோவிர் என்ற மருந்து கலந்த ஜெல் பாதுகாப்பானதா என்று புனேயிலும் அமெரிக்காவின் பர்மிங்ஹாம், நியூயார்க் நகரங்களிலும் மொத்தம் 200 பெண்களிடம் நடந்த சோதனையில் தானும் ஒருத்தி என்றார். ஒரு ஜெல்லை முறையாகச் சோதிப்பது என்றால் என்ன என்பதை அவர் வாயால் கேட்டபோதுதான், சந்துக் கிளினிக்கில் எனக்கு நடந்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்று முழுசாக விளங்கியது.

அவர் சொன்னதை என் மனதில் இருக்கிறபடி சொல்கிறேன். முதலில், தொற்று இல்லாத, ஆரோக்கியமான பெண்களைத்தான் சேர்த்தார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை, மற்ற பால்வினை நோய்ப் பரிசோதனை, கர்ப்பம் இருக்கிறதா என்ற பரிசோதனை, கல்லீரலும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றனவா என்று ரத்தப் பரிசோதனை. ஜெல் வயிற்றுப் பிள்ளையை என்ன செய்யும் என்று தெரியாததால், அந்தக் காலத்தில் கர்ப்பம் ஆகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சிலருக்கு மருந்து ஜெல், சிலருக்கு மருந்தில்லாத ஜெல். சிலர் தினமும் வைக்க வேண்டும், சிலர் உறவுக்கு முன்னால் மட்டும். யாருக்கு எது மருந்து என்று அவர்களுக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. இருபத்து நான்கு வாரம் அப்படி. ஒவ்வொரு முறை போகும்போதும் அரிப்பு உண்டா, எரிச்சல் உண்டா, ரத்தம் பட்டதா, உறவின்போது வலித்ததா என்று கேட்டு எழுதுவார்கள். உள்ளே பரிசோதித்துச் சிறு சிவப்புத் தடிப்பைக்கூட விடாமல் குறிப்பார்கள். மருந்து ரத்தத்தில் எவ்வளவு கலக்கிறது என்றும் பார்த்தார்கள். "எரிகிறது என்று சொன்னால் சந்தோஷப்பட மாட்டார்களே, கவலைப்பட்டு உட்கார வைத்துப் பார்ப்பார்கள்" என்று அக்கா சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. என்னிடம் எரிந்தால் நல்லது என்றார்களே. 2008 பிப்ரவரியில் புது டெல்லியில் நடந்த மாநாட்டில் அந்த ஜெல் பாதுகாப்பானதாகவே தெரிகிறது என்று அறிவித்தார்கள்.

இங்கே நான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆரம்பக் கட்டப் பாதுகாப்புச் சோதனையின் கேள்வி, ஜெல் தொற்றைத் தடுக்குமா என்பது இல்லை. உடம்பைப் புண்ணாக்குமா என்பதுதான். கொஞ்சம் பேரிடம், கொஞ்ச காலம், தொற்று அபாயம் குறைந்தவர்களிடம்தான் அதைப் பார்ப்பார்கள். அதில் தேறியதாலேயே ஜெல் காப்பாற்றும் என்று ஆகாது. நான் நோட்டுக்குள் வைத்திருந்த செய்தியில் இருந்த செல்லுலோஸ் சல்பேட் அந்தச் சோதனைகளில் தேறிய ஜெல்தான். பல பேரிடம் பரிசோதித்தபோது, மருந்தில்லாத ஜெல்லை வைத்தவர்களைவிட மருந்து ஜெல்லை வைத்தவர்களிடம் தொற்று கூடுதலாகத் தெரிந்ததால்தான் நிறுத்தினார்கள். நம் மண்டபம் கடற்கரையில் வளர்க்கிற கடற்பாசியிலிருந்து எடுப்பதைப் போன்ற பொருளில் செய்த கேராகார்ட் ஜெல்லைத் தென்னாப்பிரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். தீங்கு செய்யவில்லை, காப்பாற்றவும் இல்லை. புரோ 2000 ஜெல்லுக்கும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தபின் 2009 டிசம்பரில் அதே முடிவு. அக்கா வைத்த டெனோஃபோவிர் ஜெல் 2010-இல் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் 889 பெண்களிடம் தொற்றை 39 சதவீதம் குறைத்தது என்று வந்தபோது நாங்கள் இருவரும் தொலைபேசியில் அழுதோம். பின்னால் நடந்த பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. இளம் பெண்களால் சொன்னபடி தொடர்ந்து வைக்க முடியவில்லை என்பது ஒரு முக்கியமான காரணம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கூட்டுக் குடும்பத்தில் ஒரு டியூபை எங்கே ஒளித்துவைப்பது என்பதே எங்களுக்குப் பெரிய பாடு. நான் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன்.

இப்படிப்பட்ட சோதனைகளுக்கு நம் பெண்களை அழைக்கிற நாள் வந்தால் பயந்து ஓட வேண்டாம். கேட்காமல் கையெழுத்தும் போட வேண்டாம். அக்கா எனக்குச் சொன்னதையும், 2019-இல் வந்த புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளைப் பற்றிப் பயிற்சியில் கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன். இது எந்தக் கட்டச் சோதனை, எனக்கு முன் எத்தனை பேரிடம் பார்த்தீர்கள், என்ன தொந்தரவு வந்தது என்று கேளுங்கள். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரிகிற தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு பிரதி தர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். ஒப்புதல் வாங்குவதைச் சில ஆய்வுகளில் காணொளியாகப் பதிவு செய்வார்கள், எச்.ஐ.வி. மருந்துக்கான ஆய்வில் குரலை மட்டும்தான் பதிவு செய்ய வேண்டும், முகத்தைப் பதிவு செய்யக் கூடாது. இந்த ஒரு விதிக்காகவே அதை எழுதியவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்த முடியாது. ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஆய்வில் சேருகிறவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கிற நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வு பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். 2009 ஜூன் முதல் அந்தப் பதிவு கட்டாயம். இன்னும் ஒன்று: சோதிக்கிற ஜெல்லைக் காசுக்கு விற்க மாட்டார்கள். ஆய்வு என்று சொல்லிக்கொண்டு யாராவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். விதிகள் மாறி, என் வீட்டுக்காரருக்கும் கூட்டு மருந்து தொடங்கினார்கள். 2011-இல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. சென்னையிலும் புனேயிலும்கூட அது நடந்தது. தொற்று உள்ளவர் ஏ.ஆர்.டி. மருந்தைச் சீக்கிரமே தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்றது அந்த முடிவு. நான் எந்த டியூபில் தேடினேனோ அது அவர் விழுங்குகிற மாத்திரையில் இருந்தது. அவர் குடியை விட்டுவிட்டு மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டார். வெளியில் காசு கொடுத்து வைரல் லோட், அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று, பார்த்தோம். அளவிட முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது என்று வந்த பிறகு, டாக்டரம்மா சொன்ன நாட்களில் மட்டும் ஆணுறை இல்லாமல் சேர்ந்தோம். எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். எங்கள் மூவரில் அவருக்கு மட்டும்தான் எச்.ஐ.வி. இருக்கிறது. 2017 முதல் சி.டி.4 எண்ணிக்கை எதுவானாலும் மருந்து தருகிறார்கள். இப்போது வைரல் லோட் பரிசோதனையும் அரசு மையத்திலேயே இலவசம். குழந்தை வேண்டும் என்று அங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

பெண்ணே வைத்துக்கொள்ளும் பாதுகாப்பு என்ற நம்பிக்கை வீணாகவும் போகவில்லை. டாபிவிரின் என்ற மருந்து ஊறிய, உள்ளே வைக்கிற ஒரு சிலிகோன் வளையத்தை, மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்கிற மாதிரி, 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற லெனகாபவிர் ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 பெண்களுக்குப் போட்டுப் பார்த்ததில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை என்று 2024-இல் முடிவு வந்தது. இவற்றின் பெயரைச் சொல்லி யாராவது உங்களிடம் எதையாவது விற்க வருவார்கள். ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள்.

என்னிடம் வருகிற பெண்களுக்கு நான் சொல்கிற வேறு சில விஷயங்கள் உண்டு. உறவுக்குப் பிறகு கிருமிநாசினி, சோப்பு, எலுமிச்சைச் சாறு என்று எதையும் உள்ளே ஊற்றிக் கழுவாதீர்கள். அதுவும் நான் வைத்த ஜெல் செய்ததையே செய்யும். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது அவர் போட மறுத்துவிட்டார், அவர் இன்னும் ஒழுங்காக மருந்து சாப்பிடவில்லை என்றால் அழுதுகொண்டு விடியலுக்காகக் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே, தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும்; 28 நாட்கள் விடாமல் சாப்பிட வேண்டும். நேரில் கேட்க வெட்கமாக இருந்தால் 1097 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். காசு கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை. உங்கள் கணவரின் நிலையை அவருடைய அனுமதி இல்லாமல் ஆஸ்பத்திரி ஊழியர் யாரும் பக்கத்து வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்பதற்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

ஏற்கெனவே இப்படி ஒரு டியூபை வாங்கி வைத்துவிட்டவர்கள் அதைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். நான் கோபத்தில் போட்டுவிட்டேன். பிறகு புகார் கொடுக்கலாம் என்று தெரிந்தபோது கையில் ஒன்றும் இல்லை. டியூப், அட்டை, ரசீது எது இருந்தாலும் ஒரு பையில் கட்டி வையுங்கள். அட்டையில் இருக்கிற தொகுதி எண்ணையும் காலாவதித் தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருந்தால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம். அனுமதி இல்லாத மருந்து விற்றால் மாவட்டத்தில் இருக்கிற மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். அந்த இளம்பெண் விளம்பரத்தில் இருந்த ஜெல்லை வாங்கவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை கணவரோடு ஏ.ஆர்.டி. மையத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள், நானும் போகிறேன்.